ஃப்ளஷ் வைத்தியர்

பெரிய காஞ்சிபுரத்தில் கோயில் இல்லாத தெரு இல்லை என்பார்கள். ஃப்ளஷ் வைத்தியர் இல்லாத தெருவும் இல்லை. சாமியைப் பார்க்க நாம் போக வேண்டும். இவர் தாமே வருவார்.

பிள்ளையார்பாளையம் என்றால் தறியை மகனிடம் விட்டுவிட்டுத் திண்ணைக்கு வந்தவராக இருப்பார். ராஜவீதிப் பக்கம் என்றால் பட்டு சொசைட்டியிலோ பள்ளிக்கூடத்திலோ ஓய்வு பெற்றவர். பிளம்பிங் மட்டும் எங்கும் கற்றிருக்க மாட்டார். அது ஒரு குறையே இல்லை. கற்றவன் ரிப்பேர் செய்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவான்; அப்புறம் பேச என்ன இருக்கிறது?

நம் வீட்டு டாய்லெட்டில் தண்ணீர் சோம்பலாக இறங்குகிறது என்பது நமக்குத் தெரியும் முன்பே அவருக்குத் தெரியும். பழைய வீடுகளுக்கு நடுச்சுவர் பொது. "இன்னா சார், நேத்து ராத்திரி ரெண்டு தடவை அமுக்கினீங்க போலக்கீதே?" என்று வாசலில் நின்று கேட்பார். இதற்கு முகம் பார்த்துப் பதில் சொல்லக்கூடிய குடும்பத் தலைவர் இன்னும் பிறக்கவில்லை.

உள்ளே வந்ததும் டாய்லெட்டைப் பார்க்க மாட்டார். மொட்டைமாடியைப் பார்ப்பார். "டேங்க்கை நாலடி தூக்கி வெச்சிருக்கணும். ஃபோர்ஸ் எங்கேருந்து வரும்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மாடித் தொட்டியின் வேலை, கீழே பீங்கானின் முதுகில் இருக்கும் ஃப்ளஷ் டேங்க்கை நிரப்புவதோடு முடிந்துவிடுகிறது. உயரம் கூடினால் அது கொஞ்சம் சீக்கிரம் நிரம்பும், அவ்வளவுதான். அமுக்கும்போது இறங்குவது ஃப்ளஷ் டேங்க்கில் ஏற்கெனவே நிற்கிற தண்ணீர். அது மொத்தமாக, ஒரே மூச்சில் இறங்கினால்தான் பீங்கானின் அடி வளைவைத் தாண்டித் தள்ளும். இதைச் சொன்னால் வைத்தியர் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

அடுத்து வாட்டம். "வாட்டம் பத்தாது சார். மேஸ்திரி ஏமாத்திட்டான்." கழிவுக் குழாய்க்கு நாற்பதடிக்கு ஓரடியாவது சரிவு வேண்டும் என்பது உண்மைதான். கொல்லைக் கோடியில் இருந்த கக்கூஸை மாடிப்படிக்கு அடியில் கொண்டுவந்த வீடுகளில் குழாய் நெடுந்தூரம் போகிறது, அதனால் அந்தச் சந்தேகமும் தப்பில்லை. ஆனால் அதைச் சரிபார்க்க அவர் சொல்லும் வழி கூடத்திலிருந்து தரையை உடைப்பது. நெசவுத் தெருவில் வளர்ந்த மனிதர். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியையா பிரிப்பார்? அறுந்த இடத்தைத் தேடி முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த இழைக்குப் போவார். கக்கூஸ் என்றதும் அந்த ஞானம் எங்கே போய் ஒளிகிறதோ!

சரித்திரமும் உண்டு. "இதையெல்லாம் கண்டுபிடிச்சவன் தாமஸ் கிராப்பர்" என்பார். கிராப்பர் பிறந்தது 1836-இல். தண்ணீர் தேங்கி நாற்றத்தை மறிக்கிற அந்த வளைவுக்கு லண்டனில் 1775-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார் அலெக்சாண்டர் கம்மிங் என்கிற கடிகாரக்காரர். வைத்தியரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். கடிகாரத்திலிருந்து ஆரம்பிப்பார்.

அவருடைய காலக்கணக்கு ஒன்றுதான்: அத்தி வரதர். நாற்பது ஆண்டுக்கு ஒரு முறை கோயில் குளத்திலிருந்து வெளியே வந்து தரிசனம் தருவார், போன தடவை 2019-இல், 48 நாள். அந்த நாட்களில் ஊரில் எல்லா வீட்டுக்கும் சொந்தக்காரர்கள் முளைத்தார்கள், சொந்தமே இல்லாதவர்களும் முளைத்தார்கள். "அப்போ ஆரம்பிச்ச கோளாறு சார் இது. லைன் தாங்கலை" என்று வரதர் கோயில் இருக்கும் சின்ன காஞ்சிபுரத்தின் திசையில் கையை நீட்டுவார். அடுத்த தரிசனம் 2059. அதற்குள் கண்டுபிடித்துவிடலாம் என்ற நிதானம் அவர் பேச்சில் தெரியும்.

சில சமயம் சரியாகவும் சொல்லிவிடுவார், அதுதான் ஆபத்து. டேங்க் ஒழுகி மட்டம் குறைகிறதா என்று பார்க்க, அதில் கொஞ்சம் சாயம் கரைத்துவிட்டுக் கால் மணி நேரம் யாரும் அமுக்காமல் இருக்க வேண்டும். பீங்கானில் நிறம் இறங்கினால் அடி வாஷர் போச்சு. அருமையான சோதனை. சிட்டிகை கேசரிப் பவுடர் போதும். பட்டு ஊர்க்காரர் அல்லவா, அரக்குச் சிவப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்துக் கரைத்துவிட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் காபி குடிக்கப் போய்விடுவார். பாட்டி உள்ளே போவாள். அப்புறம் வந்த ஆட்டோவைத் திருப்பி அனுப்புவதற்குள் தெருவே கூடியிருக்கும்.

ஆசிட்டும் அவர் மருந்துப்பெட்டியில் உண்டு. போர் தண்ணீர் உப்பு, பீங்கானின் விளிம்புக்கு உள்ளே இருக்கும் பொடி ஓட்டைகளை அடைத்துவிடும். தண்ணீர் சுற்றி வராமல் ஒரு பக்கமாக அழும். நோய் சரி. வைத்தியம்தான் முரடு. வினிகரை ராத்திரி ஊற்றி வைத்துக் காலையில் கம்பியால் குத்தினாலே பெரும்பாலும் விட்டுவிடும். ஆசிட் ரப்பரைத் தின்னும். ஏற்கெனவே ப்ளீச்சிங் பவுடர் போட்டிருந்த இடத்தில் விழுந்தால் கிளம்புவது குளோரின் புகை, விளையாட்டில்லை.

அவர் செய்யவே செய்யாத சோதனை ஒன்று உண்டு. வாளி. ஒரு வாளித் தண்ணீரைச் சட்டென்று பீங்கானில் கவிழ்த்தால் விஷயம் தெரிந்துவிடும்: கடகடவென்று போனால் குழாயில் குற்றமில்லை, கோளாறு மேலே டேங்க்கிலோ விளிம்பு ஓட்டையிலோ, தேங்கி நின்றால் கீழே அடைப்பு. அரை நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடுகிற சோதனையை எந்த வைத்தியர் விரும்புவார்?

எனவே, 'நாளைக்கு வரேன்ணா'வாகவே பல நாள் இருந்த பிளம்பர் பையன் ஒருவழியாக வந்து வாளியைத் தூக்கும்போது அவர் முகம் சுண்டிவிடும். "லைன் நல்லாத்தாங்கீது சார்" என்று சொல்லிவிட்டுப் பையன் டேங்க் மூடியைத் திறப்பான். உள்ளே, மண்ணும் பாசியும் படிந்து, தண்ணீர் நிரப்பிய ரெண்டு லிட்டர் பாட்டில் ஒன்று சாவகாசமாக உட்கார்ந்திருக்கும். ஆறு லிட்டர் இறங்க வேண்டிய இடத்தில் நாலு இறங்கினால் என்னதான் செய்யும்?

"இத யாரு சார் போட்டது?"

வீடே வைத்தியரைப் பார்க்கும். ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுபோன பஞ்ச வருஷம் அது. டேங்க்கில் பாட்டில் வைத்தால் தடவைக்கு ரெண்டு லிட்டர் மிச்சம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் அவர்தான். பாட்டிலையும் அவரே கொண்டுவந்தார்.

அவர் அசரமாட்டார். "எப்போ வெச்சோம்? 2019. அத்தி வரதர் வந்தப்போ ஆரம்பிச்ச கோளாறுன்னு நான் மொதல்லயே சொன்னேனா, இல்லியா?"

பாட்டிலைக் கழுவி வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிர்வீட்டுப் படியேறுவார்.

"ஏம்மா, உங்க வீட்ல ஃப்ளஷ் எப்படிப் போவுது?"

"நல்லாத்தான் போவுது மாமா."

"ஆரம்பத்துல அப்படித்தான் தெரியும்" என்று செருப்பைக் கழற்றுவார்.