முகச்சுளிப்பியல்: ஒரு முன்னாய்வு

ஆங்கிலத்தைத் தப்பாகப் பேசுகிறவர்களைப் பற்றி வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. அதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்களைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்தது இவ்வாய்வு. எடுத்துக்கொண்ட முகம் ஒன்றே ஒன்று: என் சகலையுடையது. ஒரு முகம் போதாது என்று சொல்பவர்கள் அதை நேரில் பார்த்ததில்லை.

மரபுப்படி முதல் மூன்று இயல்களில் ஆய்வுக்களத்தின் எல்லை, மழையளவு, மண்வளம், அங்கே விளையும் பயிர்கள் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, நாலாவது இயலில்தான் தலைப்புப் பக்கம் எட்டிப்பார்க்க வேண்டும். நம் ஆய்வேடுகளைப் புரட்டியவர்களுக்கு இது தெரியும். நான் சுருக்கிக்கொள்கிறேன். களம்: மாமனார் வீட்டுக் கூடம். மண்: மொசைக். மழை: வெளியே.

சுளிப்பு நான்கு வகைப்படும். முதலாவது உச்சரிப்புச் சுளிப்பு, அற்பம், விடுவோம்.

இரண்டாவது மிகைச்சொல் சுளிப்பு. 'ரிட்டர்ன் பேக்', 'டிஸ்கஸ் அபௌட்', 'நடு சென்டர்' ஆகியவற்றால் வருவது. இடப்பக்க உதடு மட்டும் ஏறும். "ரிட்டர்ன்லயே பேக் இருக்கு சகலை. அப்புறம் எதுக்கு இன்னொரு பேக்கு?" (சகலை, வாய்மொழி, முதல் இட்லி). அவர் எந்தப் பேக்கைச் சொன்னார் என்பதில் பாடபேதம் உண்டு. சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். இதே மனிதர் கல்யாண மண்டபத்தில் நாற்காலியை 'நடுமையத்தில்' போடச் சொல்வார். கேட்டால் அது ஒருபொருட்பன்மொழி, நன்னூலே ஒத்துக்கொண்டது என்பார். தமிழில் சொன்னால் இலக்கணம், இங்கிலீஷில் சொன்னால் இளக்காரம்.

'ரிவர்ட்' பற்றியும் ஒரு வார்த்தை. முன்பிருந்த நிலைக்குத் திரும்புவது என்பதே அதன் பொருள், பதில் போடுவது அல்ல என்பது சகலையின் கட்சி (மேற்படியார், மேற்படி இடம், மூன்றாவது இட்லி, சட்னி வருவதற்கு முன்). எனக்கு உடன்பாடே. 'நாளைக்கு ரிவர்ட் பண்றேன்' என்று சொன்ன எந்த அதிகாரியும் எனக்குப் பதில் போட்டதில்லை. முன்பிருந்த நிலைக்கே திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் சொல்லைச் சரியாகத்தான் ஆள்கிறார்கள்.

மூன்றாவது, 'நம்ம ஆளுங்க கண்டுபிடிச்சது' சுளிப்பு. 'ப்ரிபோன்' என்ற சொல் காதில் விழுந்ததும் கண்கள் பாதி மூடும். 'போஸ்ட்போன்' இருக்கிறதே என்று இந்தியாக்காரன் அதற்கு எதிர்ச்சொல் பண்ணிக்கொண்டான் என்பது இவர்கள் கருத்து. ஆனால் 1913இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்கு ஒரு வாசகர், வக்கீல்களுக்கு உதவுமே என்று இந்தச் சொல்லைப் பரிந்துரைத்துக் கடிதம் எழுதியிருக்கிறார். இதைச் சகலையிடம் சொன்னேன். கண்கள் முழுதாக மூடின. ஆய்வுக் கருவி பழுதடைந்ததோ என்று அஞ்சினேன், தூக்கம்தான்.

நான்காவது 'லெஸ்', 'ஃப்யூவர்' சுளிப்பு. எண்ண முடிந்ததற்கு 'ஃப்யூவர்', அளக்க மட்டும் முடிந்ததற்கு 'லெஸ்'. மாற்றிச் சொன்னால் குற்றம். இந்த விதியின் ஊற்றைத் தேடிப்போனால், 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர், தமக்கு இப்படிச் சொல்வது நயமாகப் படுகிறது என்று எழுதிவைத்த இடத்தில் போய் நிற்கும். அவ்வளவுதான். அவருக்கு 800 ஆண்டுகளுக்கும் முன்பே ஆல்ஃபிரட் மன்னர் 'லெஸ்' போட்டுச் சொற்களை எண்ணியிருக்கிறார். ஒருவருக்கு நயமாகப் பட்டது வழிவழியாக இறங்கி, 2008இல் இங்கிலாந்தின் டெஸ்கோ கடைகளில் பத்துப் பொருளுக்குள் வாங்கியவர்களுக்கான வரிசைப் பலகையையே மாற்றி எழுத வைத்துவிட்டது. 'எனக்கு இப்படித்தான் பிடிக்கும்' என்பதை 'இதுதான் மரபு' ஆக்க எத்தனை தலைமுறை பிடிக்கும் என்பது மேலாய்வுக்கு உரியது. சில பேராசிரியர்களுக்கு ஒரே கருத்தரங்கு போதும்.

நான்கு என்றேனா? ஐந்தாவது ஒன்று இருக்கிறது. அதை வகை என்பதைவிடத் தனித்துறை என்பதே தகும். 'கோ-பிரதர்' சுளிப்பு. இதில் மூக்கும் சேரும்.

மனைவியின் அண்ணன், கணவனின் தம்பி, அக்காள் புருஷன், மச்சினியின் புருஷன் எல்லாரையும் ஒரே 'பிரதர்-இன்-லா'வில் போட்டு மூட்டை கட்டியவன் இங்கிலீஷ்காரன். நமக்குச் சகலை உண்டு, ஷட்டகர் உண்டு. தெலுங்கில் தோடல்லுடு, இந்தியில்கூட சாடூ. அவனுக்கு மட்டும் இல்லை. மாமனார் வீட்டில் இரண்டு மாப்பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, யார் இலையில் பெரிய வடை விழுந்தது என்று ஓரக்கண்ணால் பார்த்திருந்தால் அவனுக்கும் ஒரு சொல் பிறந்திருக்கும். பார்த்தவர்கள் நாம், ஆகவே கோ-பிரதரை நாமே செய்துகொண்டோம். ஓரகத்திக்குக் கோ-சிஸ்டர். இதில் என்ன குற்றம்? "அப்படி ஒரு வார்த்தையே கிடையாது" (சகலை, மைத்துனன் மனைவியின் வளைகாப்பு, ஐவகைச் சாதத்தில் புளியோதரை, ஊறுகாய் தீர்ந்த பின், மறுப்பு: அவர் மனைவி, அதே பந்தி, எதிர் வரிசை, கண்ணசைவு மட்டும்).

இக்கருதுகோள் என் மகள் கல்யாண வரவேற்பில் சோதனைக்கு வந்தது. சகலையின் கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்திருந்தார். என் மைத்துனனை அப்போதுதான் 'பிரதர்-இன்-லா' என்று சொல்லிக் கைகுலுக்க வைத்திருந்தார் சகலை. அடுத்து நான். "ஹீ இஸ் மை..." என்று தொடங்கினார். உதடுகள் 'கோ'வுக்குக் குவிந்தன. நான் பார்த்தேன்; மைத்துனனும் பார்த்தான்; வீடியோக்காரரிடம் பதிவும் இருக்கிறது. குவிந்த உதடு அப்படியே விரிந்தது.

"மை ஃப்ரெண்ட்."

இருபத்திரண்டு வருடச் சகலை நான்.

முறை செய்யும் நேரம் வந்தது. அவருக்கென்று எடுத்துவைத்த பட்டு வேட்டியை என் மனைவி தட்டோடு நீட்டினாள். வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினேன். சிநேகிதர்களுக்குத் தாம்பூலப் பைதான் வழக்கம். தேங்காயை மட்டும் கொஞ்சம் பெரியதாகப் பார்த்துப் போடச் சொன்னேன்.