மாலை ஆறு மணிக்கு நியாயத்தீர்ப்பு

2011 மே 21, சனிக்கிழமை, மாலை ஆறு மணி. நியாயத்தீர்ப்புக்கு இப்படி முகூர்த்தம் குறித்துக் கொடுத்தவர் அமெரிக்காவின் ஓக்லாந்தில் ஃபேமிலி ரேடியோ என்ற கிறிஸ்தவ வானொலியை நடத்திய ஹெரால்ட் காம்பிங். தீர்ப்பைத் தொடங்கிவைக்கும் நிலநடுக்கம் அந்தந்த ஊர் நேரப்படி நாடு நாடாக வருமாம். கோபம் வந்தாலும் கர்த்தர் கடிகாரத்தை மீறமாட்டார்!

கணக்கும் வைத்திருந்தார். சிலுவை மரணத்திலிருந்து 7,22,500 நாள். ஐந்தையும் பத்தையும் பதினேழையும் பெருக்கி, வந்ததை அதனாலேயே மறுபடி பெருக்கினால் அந்த எண் வருகிறது, போதாதா? ஆள் சிவில் இன்ஜினியர். நல்லவேளை, இது பாலத்துக்கான கணக்கு அல்ல. ஏற்கெனவே 1994 செப்டம்பருக்கும் உலகத்தை முடித்துப் பார்த்தவர்தான். அப்போது எழுதிய புத்தகத்தின் தலைப்பிலாவது ஒரு கேள்விக்குறி இருந்தது. இந்த முறை அதுவும் இல்லை.

அந்த நாளும் நாழிகையும் தூதருக்கும் தெரியாது, குமாரனுக்கும் தெரியாது, பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்கிறது மத்தேயு 24. பிதாவுக்கு அடுத்தபடி ஓக்லாந்துக்குத் தெரிந்திருக்கிறது.

ஆயத்தப்படுங்கள் என்றார், ஜனங்கள் ஆயத்தப்பட்டார்கள். நியூயார்க்கில் ஓய்வுபெற்ற ஒருவர் தன் சேமிப்பிலிருந்து 1,40,000 டாலரை எடுத்துச் சுரங்க ரயிலிலும் பேருந்திலும் விளம்பரம் செய்தார். குறித்த நேரத்தில் டைம்ஸ் சதுக்கத்தில் நின்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பார்த்துச் சிரிக்க வேண்டிய ஆள் அவரா? அதே மே மாதம் வியட்நாமின் தியன் பியன் மலைப்பகுதியில் ஹ்மாங் இன மக்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். நிலம், வறுமை, அடக்குமுறை என்று அவர்களுக்குக் காரணங்கள் பல. காம்பிங்கின் தேதியும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. மலைக்கு வந்தவர்கள் தேவதூதர்கள் அல்ல, ராணுவத்தினர்.

மத்தேயு 25-இல் மணவாளனுக்காகக் காத்திருந்த புத்தியுள்ள கன்னிகைகள் தங்கள் எண்ணெயைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். இங்கே மணவாளன் வரும் தேதியை அறிவித்தவர் எண்ணெயைக் காணிக்கையாக வாங்கி வைத்துக்கொண்டார். 2009-இல் மட்டும் வந்தது சுமார் 1.8 கோடி டாலர்.

மே 21 சும்மா கடந்தது. தீர்ப்பு வந்துவிட்டது, ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் ஆவிக்குரிய விதமாக வந்தது என்றார். உலகம் அழிவது அக்டோபர் 21 என்றார். பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டதற்கு, முடிவு இன்னும் வரவில்லையே, ஏன் தரவேண்டும் என்கிற தோரணையில் பதில். முடிவு வந்துவிட்டாலோ, கேட்க ஆளிருக்காது. எந்தக் கந்துவட்டிக்காரனுக்கும் கனவில்கூடக் கிடைக்காத பத்திரம் இது! 2012 மார்ச்சில், தேதி குறித்தது பாவம் என்று கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக்குச் செலவு கிடையாது.

ஆனால் அவருடைய அலுவலகம் கடைசிவரை புத்தியோடுதான் இருந்தது. மினசோட்டா மாநில அரசிடம் ஆண்டுக் கணக்கை ஒப்படைக்க 2011 ஜூலை 15 வரை கெடு. ஃபேமிலி ரேடியோ அவகாசம் கேட்டது, நவம்பர் 15 வரைக்கும்.