இருத்தலும் இருத்தல் நிமித்தமும்: வீட்டுப் பீரின் திணை குறித்து ஓர் ஆய்வு

வீட்டில் பீர் காய்ச்சுவோரைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே பிழையைச் செய்திருக்கிறார்கள்: பீரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எந்த மால்ட், எத்தனை கிராம் ஹாப்ஸ், எந்த ஈஸ்ட், எத்தனை டிகிரி என்றே பக்கங்கள் நிரம்புகின்றன. காய்ச்சும் மனிதர் எந்தத் திணையைச் சேர்ந்தவர் என்ற அடிப்படைக் கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கிறது. அந்த இடைவெளியை நிரப்புவது இக்கட்டுரையின் நோக்கம். நிரப்பாவிட்டாலும் யாருக்கும் நட்டமில்லை என்று நெறியாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஆய்வுக் களம் இங்கிலாந்து. தமிழ்நாட்டைக் களமாகக் கொள்ள ஆசைதான். ஆனால் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது காய்ச்சுவது குற்றம்; தகவலாளிகள் கிடைத்தாலும் கையொப்பமிட மாட்டார்கள். இலக்கியச் சான்றுக்கு மட்டும் குறைவில்லை. பெரும்பாணாற்றுப்படை, வீட்டில் சமைத்த தோப்பியைப் பருகுவதைச் சொல்கிறது. வேறோரிடத்தில் செய்முறையையே தருகிறது: தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, முளை அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, வலிய வாயுடைய சாடியில் முற்றவிட வேண்டும். முளைவிட்ட தானியம், ஆறவைத்தல், கலத்தல், காத்திருத்தல். இன்று பிரிஸ்டலில் ஒருவர் தன் கராஜில் செய்வதும் இதே வரிசைதான். புலவர் நாள்கணக்கைச் சொன்னார். அந்த இரண்டு நாளும் காய்ச்சியவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைச் சொல்லாமல் விட்டார். அவர் விட்ட இடத்தில் இக்கட்டுரை தொடங்குகிறது.

முதற்பொருள் முதலில். நிலம்: கராஜ், மாடிப்படிக்கு அடியில் உள்ள பொந்து, அல்லது ஆங்கிலேய வீடுகளில் வெந்நீர்த் தொட்டியை வைத்திருக்கும் வெதுவெதுப்பான அலமாரி. சிறுபொழுது: ஞாயிறு காலை. கருப்பொருளில் தெய்வம் நின்காசி, சுமேரியர்கள் கி.மு. 1800 வாக்கில் களிமண் பலகையில் துதி எழுதிவைத்த பீர்த் தேவதை. பூ, ஹாப் கொடியின் பெண்பூ. விலங்கு, பழ ஈ. விலங்கில் ஈ அடங்குமோ எனின், அது காலில் ஏந்திவரும் அசிட்டோபாக்டர் நுண்ணுயிர் ஒரு வாளிப் பீரையும் வினிகராக்கிவிடும் ஆற்றல் கருதி அடங்கும். பறை, வாளி மூடியில் சொருகிய ஏர்லாக்கின் ‘பளக்’. தொழில், கழுவுதல்.

கடைசியாகச் சொன்னதை யாரும் மறுக்கமாட்டார்கள். வாளியைக் கழுவு, குழாயைக் கழுவு, கரண்டியைக் கழுவு, கழுவிய பிரஷைக் கழுவு. பிறகு எல்லாவற்றையும் கிருமிநாசினியில் மூழ்கவை. நடுவே சிறிது சமையலும் உண்டு. இடித்த மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தை, 65 முதல் 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் தானியத்திலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். வடித்த சாற்றை ஹாப்ஸோடு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, 20 டிகிரிக்குக் குளிர்வித்து, 11 கிராம் ஈஸ்ட் பொட்டலத்தைப் பிரித்துத் தூவ வேண்டும். வழக்கமான அளவு 23 லிட்டர். அதாவது 40 பைண்ட். காலை உணவு முடித்துத் தொடங்கினால் பிற்பகலில் முடிந்துவிடும். அத்துடன் மனிதரின் பங்கு தீர்ந்தது. அந்த நொடியிலிருந்து பீரைச் செய்வது, பொட்டலத்திலிருந்து இறங்கிய பல ஆயிரம் கோடி ஈஸ்ட் உயிரணுக்கள். மனிதர் வெறும் வீட்டுக்காரர்.

ஆனால் உலகம் இந்த உழைப்பாளியை எப்படி நடத்தியது? 1516-இல் பவேரியாவில் பிறப்பித்த தூய்மைச் சட்டம், பீருக்கு வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றே சேரலாம் என்றது. வேலை முழுவதையும் செய்த ஈஸ்ட்டின் பெயர் பட்டியலில் இல்லை. 1830-களில் காக்னியார் லாத்தூர், ஷ்வான் முதலியோர் ஈஸ்ட் உயிருள்ளது என்று சொன்னபோது வேதியியல் பெருந்தலைகளுக்குச் சிரிப்பு வந்தது. வோலரும் லீபிக்கும் 1839-இல் தங்கள் ஆய்விதழில் பெயரில்லாமல் ஒரு நையாண்டிக் கட்டுரையை வெளியிட்டார்கள். அதில் ஈஸ்ட் ஒரு குட்டி விலங்கு. சர்க்கரையைத் தின்று, பின்வழியே ஆல்கஹாலையும் சிறுநீர்ப் பையிலிருந்து கார்பானிக் அமிலத்தையும் வெளியேற்றும். அந்தப் பை நிறைந்தால் ஷாம்பெயின் புட்டிபோல இருக்குமாம். ஆக, நொதித்தல் பற்றிய போலி ஆய்வு என்ற துறைக்கு மூலவர்கள் நோபல் தகுதி படைத்தவர்கள் என்பதை இக்கட்டுரையைத் தரக்குறைவாக எண்ணுவோர் மனத்தில் கொள்க. உறுப்புகளை விட்டுவிட்டுப் பார்த்தால் அந்த நையாண்டி ஏறத்தாழச் சரி என்பதைப் பின்னால் பாஸ்தர் நிறுவினார். 1897-இல் எடுவார்ட் புக்னர், உயிரணுவைப் பிழிந்தெடுத்த சாறே சர்க்கரையை நொதிக்க வைக்கும் என்று காட்டி, நொதித்தல் வெறும் வேதிவினை என்று வாதிட்ட லீபிக்குக்கும் கொஞ்சம் ஆறுதல் பரிசு வாங்கிக் கொடுத்தார். நகைத்தவரும் நகைக்கப்பட்டவரும் ஆளுக்குப் பாதி வென்ற வழக்கு இது.

இனி உரிப்பொருள். தூவி, மூடி, ஏர்லாக்கைச் சொருகியதும் காய்ச்சுநருக்குச் செய்ய எதுவும் இல்லை. தலைவன் வினைமேற் சென்றுவிட்டான்; திரும்பும் காலம் குறித்திருக்கிறான்; அதுவரை வீட்டில் ஆற்றியிருக்க வேண்டும். ஆகவே இது முல்லை. உரிப்பொருள் இருத்தலும் இருத்தல் நிமித்தமும்.

முல்லைத் தலைவி பெரும்பாலும் ஆற்றியிருந்தாள். நம் காய்ச்சுநரால் அது ஆகாது. இட்லி மாவு பொங்கியதா என்று நள்ளிரவில் எழுந்து பார்த்த வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை. இவரோ டார்ச் எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போகிறார். ஏர்லாக் என்பது பாதி தண்ணீர் நிரப்பிய வளைந்த பிளாஸ்டிக் குழாய்; உள்ளே உண்டாகும் கார்பன் டை ஆக்சைடை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாது. 23 லிட்டர் பீர் ஐந்து சதவீத ஆல்கஹாலை எட்டுவதற்குள் 400 லிட்டருக்கும் மேலான வாயு அந்தக் குழாய் வழியே போயாக வேண்டும். ஒவ்வொரு குமிழியும் அவருக்குப் போர்க்களத்திலிருந்து வரும் செய்தி. முதல் நாள் செய்தி வராவிட்டால் ஈஸ்ட் இறந்துவிட்டதென்று முடிவுகட்டுகிறார். உண்மையில் மூடி சரியாக இறுகாமல் ஓரத்தில் வாயு கசிந்தால், உள்ளே அமளியாக நொதித்துக்கொண்டிருந்தாலும் குமிழி வராது. நொதித்து முடிந்த பீரும் அறை சூடேறினால் குமிழியிடும். சான்றாக எடுத்துக்கொள்ள இதைவிட நம்பத்தகாத பொருள் வேறில்லை. இருந்தும் நிமிடத்துக்கு எத்தனை குமிழி என்று எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுபவர்கள் உண்டு.

இவர்களின் நன்மை கருதி இவ்வாய்வாளர் ஒரு நூற்பா யாத்துள்ளார்:

பொங்கினும் பொங்கா தொழியினும் மூடியைத்
திறவா திருத்தல் காய்ச்சுநர்க் கியல்பே.

உரை: பொங்கினும் என்றது குமிழி வரும் காலத்தை. பொங்காது ஒழியினும் என்றது வாராக் காலத்தை. இயல்பே என ஏகாரம் கொடுத்தது என்னையெனின், ஒருவரும் அவ்வாறு இருப்பதில்லை ஆகலின் எதிர்மறைப் பொருட்டு. அற்றேல், திறப்பதால் வரும் குற்றம் யாதோ எனின், ஆக்சிஜன் புகும், பழ ஈ புகும், காய்ச்சுநரின் மூக்கும் புகும். அஃது ஒக்கும், ஹைட்ரோமீட்டர் கொண்டு அடர்த்தி பார்க்கத் திறந்தாக வேண்டுமே எனின், அதற்கும் விடை உண்டு. மால்ட் சாறு 1.048-இல் தொடங்கிப் பீர் 1.010-இல் நின்றால் ஆல்கஹால் ஐந்து சதவீதத்தை ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று நாள் இடைவெளியிலும் எண் மாறாவிட்டால் வேலை முடிந்தது. இதற்கு இரண்டு தடவை பார்த்தால் போதும். நாள்தோறும் ஒரு குவளை எடுத்து அளந்து, அளந்ததை வீணாக்கக் கூடாதென்று குடித்துவிடுவது அளவையியல் ஆகாது என்றவாறு.

அளவை என்றதும் நினைவுக்கு வருகிறது. டப்ளினில் கின்னஸ் ஆலையில் வேலைபார்த்த வில்லியம் கோசெட், ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் 1908-இல் எழுதிய கட்டுரையில், மிகச் சில மாதிரிகளை வைத்துக்கொண்டு எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்பதற்குக் கணக்கு வகுத்தார். புள்ளியியல் பாடத்தில் இன்றும் மாணவர்களை வாட்டும் டி-சோதனை அதிலிருந்து வந்தது. வீட்டுக் காய்ச்சுநர் ஒரே மாதிரியை வைத்துக்கொண்டு கோசெட்டைவிட உறுதியாகப் பேசுகிறார்.

முல்லை என்ற முடிபுக்கு மறுப்புகள் உண்டு. வலுவானது மருதவாதம். மால்ட் கொதிக்கும் மணம் திரைச்சீலை வரை ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்பு கிடைப்பதில்லை. குளியல் தொட்டியில் நாற்பது புட்டிகள் ஊறுகின்றன. ஆகவே உரிப்பொருள் ஊடலே என்பது அவர்கள் வாதம். ஊடல் நடப்பது மெய். ஆனால் மருதத்தில் தலைவனைப் பிரிப்பவள் பரத்தை. இங்கே அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருப்பதால் இலக்கணம் பொருந்தவில்லை. இல்லக்கிழத்திகள் சிலர் இந்த மறுப்பை ஏற்கவில்லை.

நெய்தல்வாதிகளின் கை, மூடியைத் திறக்கும் நாளில் ஓங்குகிறது. அவர்கள் இரங்குவதற்குப் பொருள் ஏராளம். குழாய்த் தண்ணீரின் குளோரின் மால்ட்டிலுள்ள பீனால்களோடு சேர்ந்தால் பீர் முழுவதும் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். தண்ணீரில் அரைக் கேம்ப்டன் மாத்திரை போட்டிருந்தால் தப்பியிருக்கலாம். நிறமற்ற புட்டியை வெயிலில் வைத்தால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளியில் சிதைந்து ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றம் எடுக்கும். பழுப்புப் புட்டி பிறந்த கதை அதுதான். வெண்ணெய் வாசம் வந்தால் டை அசிட்டைல், பச்சை ஆப்பிள் வாசம் வந்தால் அசிட்டால்டிஹைடு. கடைசி இரண்டும் முல்லைக்கே சாட்சி சொல்கின்றன என்பதை நெய்தல்வாதிகள் மறைத்துவிடுகிறார்கள். இரண்டையும் உண்டாக்குவது ஈஸ்ட். சில நாள் கூடுதலாக விட்டுவைத்தால் பெரும்பாலும் அதுவே திரும்ப எடுத்துக்கொண்டு இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போகும். அவசரப்பட்டு வடித்தவர்தான் இரங்குகிறார். நொதித்து முடியாத பீரைப் புட்டியில் அடைத்து, அதன்மேல் வழக்கம்போல லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரையும் போட்டு மூடியவர் இரங்குவதில்லை. கராஜில் சத்தம் கேட்டு ஓடுகிறார்.

தப்பிப் பிழைத்த பீரை மதிப்பிட அமெரிக்காவில் 1985 முதல் பீர் நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றளிக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. மொத்தம் 50 மதிப்பெண். சுவைக்கு 20, மணத்துக்கு 12, வாயில் படும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. தோற்றத்துக்கு 3 மட்டுமே. பொன்னிறம், நுரைமகுடம், கண்ணாடித் தெளிவு என்று பெருமைப்பட்டவர் அனைவருக்கும் சேர்த்து மூன்று. பல்கலைக்கழகங்கள் இந்த மதிப்பெண் முறையை ஆய்வேட்டின் பைண்டிங்குக்கும் பயன்படுத்தலாம்.

புறத்திணைச் செய்திகளைச் சுருங்கச் சொல்லிவிடலாம். 1880-இல் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் மீதிருந்த வரியை நீக்கிப் பீர் மீதே வரி போட்டபோது, வீட்டில் காய்ச்சுவோரும் உரிமம் வாங்க வேண்டியதாயிற்று. 1963 வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அந்த உரிமத்தை ஒழித்தார். விற்பது மட்டும் கூடாது. எனவே மிஞ்சியதை நண்பர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். நண்பர்கள் பாலைத்திணைக்கு இடம்பெயர்கிறார்கள். அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம், வயதுவந்தோர் இருவர் இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன், அதாவது 757 லிட்டர், வரியின்றிக் காய்ச்ச இடம் தந்தது. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இணங்கவில்லை. மற்ற மாநிலத்தார் கராஜில் டார்ச்சோடு நின்ற அத்தனை ஆண்டும் அவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும்.

தூய முல்லையைக் காண விரும்புவோர் ஆப்பிள் மதுவான சைடருக்குப் போக வேண்டும். இங்கே சமையல்கூட இல்லை. சாமர்செட்டில் இலையுதிர் காலத்தில் விழும் ஆப்பிளை அரைத்துப் பிழிந்தால் சாறு ஏறத்தாழ 1.050 அடர்த்தியில் இறங்கும். ஈஸ்ட்டைத் தூவலாம், தூவாவிட்டாலும் பழத்திலும் பிழிபொறியிலும் ஒட்டியிருக்கும் காட்டு ஈஸ்ட் தானே வேலைக்கு வந்துவிடும். சாற்றின் சர்க்கரை அநேகமாக முழுவதும் நொதிக்கக்கூடியது. அதனால் அடர்த்தி 1.000-க்கும் கீழே போகும், இனிப்பு துளியும் மிஞ்சாது. குளிர்காலம் முழுக்க அது மெல்ல முனகும். வசந்தத்தில் மரம் பூக்கும்போது பீப்பாயும் மறுபடி குமிழியிடும். மரத்தோடு அதற்கு உறவு என்று பழைய ஆட்கள் சொல்வதுண்டு. உண்மையில் வெயில் ஏறியதும் பாக்டீரியா விழித்து மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும் வேலை அது. ஆறு மாதம் கைகட்டியிருப்பது யாருக்கும் கடினம். அதனால்தானோ என்னவோ, சாமர்செட்டில் ஜனவரி 17 இரவு தோப்புக்குப் போய், சைடரில் நனைத்த ரொட்டியை மரக்கிளையில் தொங்கவிட்டு, பாட்டுப் பாடி, துப்பாக்கியால் வானத்தைச் சுடுகிறார்கள். இருத்தல் நிமித்தம் என்ற பகுதிக்கு உரையாசிரியர்கள் இவ்வளவு சத்தமான எடுத்துக்காட்டை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இவ்வாய்வுக்கு அடங்காமல் நிற்பது நார்வே ஒன்றுதான். வோஸ் முதலிய மேற்குக் கரைப் பகுதிகளில் பண்ணை வீடுகள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வைத்திருக்கும் க்வைக் என்ற ஈஸ்ட், பெரும்பாலான பீர் ஈஸ்ட்டுகள் தடுமாறும் 35 டிகிரி வெப்பத்திலும் சுத்தமாக வேலைசெய்து, சில நாளில் முடித்துவிடுகிறது. காத்திருக்க நேரமே தராத தலைவனை முல்லையில் எங்கே வைப்பது? நெறியாளர் நார்வேயைப் பின்னிணைப்பில் தள்ளச் சொன்னார். ஆனால் அந்த நாட்டில் ஈஸ்ட்டைச் சாற்றில் சேர்க்கும் கணத்தில் காய்ச்சுநர் பாத்திரத்தின்மேல் குனிந்து உரக்கக் கத்தும் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. தொல்காப்பியர், மறுமொழி தராத ஒருத்தியிடம் தானே பேசித் தானே இன்புறுவதை ஐந்திணைக்கு வெளியே கைக்கிளை என்று வைத்தார். ஈஸ்ட் இன்றுவரை யாருக்கும் பதில் சொன்னதில்லை. நார்வே கைக்கிளை.