வாளியைத் திறக்க வேண்டாம்

முளைகட்டிய பார்லியின் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவி மூடி வைத்தால் கிடைக்கும் பானம் பீர். இந்த வாக்கியத்தில் ‘மூடி வைத்தால்’ என்ற இடத்தோடு மனிதனின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ஈஸ்ட்டின் பொறுப்பு. அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே விடும். மேற்பார்வைக்கு ஆள் கேட்காது. புதிதாக பீர் காய்ச்சுகிறவருக்கு இந்த ஏற்பாடு பிடிப்பதில்லை. அவரது முதல் பீர் கெட்டுப்போவதற்கான காரணங்களில் பாதி, மூடி வைத்த பிறகும் அவர் சும்மா இல்லாமல் செய்த காரியங்கள்தான்.

தமிழில் ‘காய்ச்சுவது’ என்றதும் ஊறல் பானையும் அதைத் தேடி வரும் போலீஸ் ஜீப்பும் நினைவுக்கு வரும். அது சாராயம். ஊறலை அடுப்பில் ஏற்றி ஆவியை வடித்து எடுக்கிற தொழில் அது. பீரில் வடித்தல் கிடையாது. அடுப்பு வேலை முதலிலேயே முடிந்துவிடும். நொதித்ததை அப்படியே குடிக்க வேண்டியதுதான். சட்டத்துக்கு இந்த நுணுக்கங்களில் ஈடுபாடு குறைவு. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் எந்த மதுவைத் தயாரித்தாலும் குற்றம். ஆகவே இந்தக் கட்டுரையின் சமையலறை அமெரிக்காவில் இருக்கிறது.

அங்கும் இந்த உரிமை அண்மையில் வந்ததுதான். 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு. பிழைக்க வழி தேடிய பீர் ஆலைகள் முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த மால்ட் பாகைத் தகர டப்பாக்களில் அடைத்து, ரொட்டி சுட உதவும் என்று விற்றன. விற்ற பாகு முழுவதும் ரொட்டிக்கே போயிருந்தால் நாடே பேக்கரியாகியிருக்கும். மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் ஒயின் செய்வதற்கு வழி பிறந்தது. பீர் விடுபட்டுப் போயிற்று. விடுபட்டதைச் சேர்க்க 45 ஆண்டுகள் பிடித்தன. 1978 அக்டோபர் 14 அன்று ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் வீட்டு பீருக்கு வரி விலக்கும் அங்கீகாரமும் கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டே அவருடைய தம்பி பில்லியின் பெயரைத் தாங்கிய பீர் ஒன்று கடைக்கு வந்திருந்தது என்பது இங்கே தேவையில்லாத செய்தி. சட்டப்படி, வயதுவந்தவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 100 காலன் காய்ச்சலாம். இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். விற்கக் கூடாது. 200 காலன் என்பது 757 லிட்டர், அதாவது நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று மேல். இந்த வரம்பைத் தாண்டிவிடுவோமோ என்று பயப்படுகிறவர் வக்கீலைப் பார்ப்பதைவிட டாக்டரைப் பார்ப்பது நல்லது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிவிட்டன. கடைசியாக அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல் இறங்கி வந்தன. பிரிட்டன் கொஞ்சம் முந்திக்கொண்டது. அங்கே 1880 முதல் இருந்த உரிமக் கட்டுப்பாட்டை நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் 1963-இல் எடுத்துவிட்டார்.

இந்தக் கலையின் அமெரிக்க ஆசான் சார்லி பபேசியன். அணுப் பொறியியல் படித்துவிட்டு, கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். 1984-இல் வந்த அவரது நூல்தான் இன்றுவரை பலருக்கும் பாலபாடம். கவலைப்படாமல் உட்கார்ந்து ஒரு பீர் குடியுங்கள் என்பது அதில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவுரை. அணு உலையைப் படித்தவருக்கே மூடி வைத்த பாத்திரத்தைத் திறக்கக் கூடாது என்பது புரிந்திருக்கிறது. முதல் முறை காய்ச்சுகிறவர் இந்த அறிவுரையில் இரண்டாவது பாதியை மட்டும் பின்பற்றுகிறார்.

பொருள்கள் நான்கு. மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர். பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட். அதை 65 முதல் 68 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகும். இதில் இரண்டு மூன்று டிகிரி முன்பின் ஆனாலும் பீரின் தன்மை மாறும். அதனால் புதியவர்கள் ஆலையிலேயே இந்த வேலையை முடித்துச் சுண்டக் காய்ச்சிய மால்ட் பாகை வாங்கிக்கொள்கிறார்கள். 19 லிட்டருக்கு 3 கிலோ பாகு போதும். இது பச்சரிசியை ஊறவைத்து இடிக்காமல் மிக்ஸில் இடியாப்பம் செய்வது போன்றது. செய்யலாம், சாப்பிடலாம், அதைப் பற்றிப் பெருமை பேசக் கூடாது. ஹாப்ஸ் கசப்பையும் மணத்தையும் தரும். கொதியின் தொடக்கத்தில் போட்டால் கசப்பு, இறக்குவதற்குச் சற்று முன் போட்டால் மணம். நாய் இருக்கும் வீட்டில் கொதித்து மிஞ்சிய ஹாப்ஸ் சக்கையைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. நாய்க்கு அது உயிருக்கே ஆபத்து.

சாமான்கள்: பெரிய பாத்திரம், மூடியோடு கூடிய உணவுத்தரப் பிளாஸ்டிக் வாளி, அந்த மூடியில் பொருத்த ஏர்லாக் என்ற சிறிய நீர்ப்பூட்டு, வெப்பமானி, ரப்பர் குழாய், பாட்டில்கள், பாட்டிலுக்கு மூடி அழுத்தும் கருவி, சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் கோல். கடைசியில் சொன்னதை இரண்டாக வாங்குவது புத்திசாலித்தனம். சமையல் மேடையில் வைத்தால் அது உருளும், உருண்டால் நிற்காது. பெரிய பாத்திரத்தைப் பொறுத்தவரை, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொங்கல் பானையை எடுக்கலாமா என்ற கேள்வி எழும். எடுக்கலாம். அன்று வீட்டில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பீர் காய்ச்சுவதில் பெரும்பகுதி பாத்திரம் கழுவுவதுதான். நாள் முழுவதும் நடக்கும் வேலையில் அடுப்பின் முன் நிற்பது ஒரு மணி நேரம், குழாயடியில் நிற்பது மிச்ச நேரம். ஆண்டுக் கணக்கில் சொந்தச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவாதவர்கள்கூட இந்த வாளியைக் கழுவிக் கிருமிநாசினியில் முக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடியும் கழுவுகிறார்கள். வீட்டார் இதை மௌனமாகக் கவனித்து நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். கொதிக்கும் முன் படுகிற அழுக்கைக் கொதி பார்த்துக்கொள்ளும். ஆறிய பிறகு அதில் படும் கரண்டி, குழாய், விரல் எல்லாமே கிருமிநாசினியில் நனைந்திருக்க வேண்டும். அந்த இனிப்பான சாறு ஈஸ்ட்டுக்கு எவ்வளவு பிடிக்குமோ, காற்றில் அலையும் பாக்டீரியாவுக்கும் அவ்வளவு பிடிக்கும். முந்திக்கொண்டவருக்கே விருந்து.

இனி அடுப்பு. தண்ணீர் சூடானதும் நெருப்பை அணைத்துவிட்டுப் பாகை ஊற்றிக் கிளற வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பிடித்துவிடும். பிறகு மறுபடி கொதிக்கவிட வேண்டும். பாலைப் பொங்கவிட்ட வீடுகளுக்கு அடுத்து வருவது புதிதல்ல. கொதி வரும்போது மேலே பழுப்பு நுரை கட்டும். பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றால் ஒன்றும் நடக்காது. செல்போன் ஒலித்து, அதை எடுக்க இரண்டடி நகர்ந்ததும், நுரை பாத்திர விளிம்பைத் தாண்டி அடுப்பில் இறங்கி, பர்னரை அணைத்து, மேடையின் இடுக்குகளில் புகுந்து பாறையாக இறுகிவிடும். சர்க்கரைப் பாகாயிற்றே. அதைச் சுரண்டி எடுப்பதற்குள் ஒரு மணி நேரக் கொதியும் முடிந்துவிடும்.

கொதித்ததை 20 டிகிரிக்கு ஆற வைக்க வேண்டும், அதுவும் சீக்கிரமாக. செப்புச் சுருள் குழாய் வைத்திருப்பவர்கள் அதைப் பாத்திரத்தில் இறக்கிக் குளிர்ந்த நீரை ஓட்டுகிறார்கள். இல்லாதவர்கள் பாத்திரத்தைத் தூக்கிக் குளியல் தொட்டியில் பனிக்கட்டி நடுவே உட்காரவைக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டில் யாருக்காவது குளிக்க வேண்டியிருக்கும்.

பிறகு ஈஸ்ட். 11.5 கிராம் பொட்டலம். பார்க்க ரவை மாதிரி இருக்கும். பீரின் சரித்திரம் முழுவதும் வேலை பார்த்தது இதுவே என்றாலும் இதன் பெயர் வெளியே வரப் பல நூற்றாண்டுகள் ஆயின. பவேரியாவில் 1516-இல் பிறந்த புகழ்பெற்ற பீர் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றைத்தான் அனுமதித்தது. ஈஸ்ட் ஓர் உயிர் என்பது அன்று யாருக்கும் விளங்கவில்லை. பீர் நன்றாக வந்தால் காய்ச்சியவர் கைராசி, கெட்டால் காலநேரம். 1876-இல் லூயி பாஸ்டர் பீரைப் பற்றி ஒரு நூலே எழுதி நுண்ணுயிர்களின் பங்கை விளக்கினார். ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்றிருந்த காலம் அது. பீரிலாவது ஜெர்மனியை வெல்ல வேண்டும் என்ற வேகம் அவருக்கு இருந்தது. 1883-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை எடுத்துக் காட்டினார். இன்று பொட்டலத்தில் கிடைப்பது அந்த வழியில் வந்தது.

ஈஸ்ட்டைத் தூவி, மூடியை அழுத்தி, ஏர்லாக்கைச் செருகி, 18 முதல் 22 டிகிரிக்குள் இருட்டான மூலையில் வாளியை வைத்தால் வேலை முடிந்தது. வேதனை தொடங்கியது. சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை வடிவேலு ஒரு படத்தில் விளக்கியிருக்கிறார். வாளிக்கு முன் உட்கார்ந்தால் மற்றதும் விளங்கும். முதல் பன்னிரண்டு மணி நேரம் ஏர்லாக்கில் குமிழி வராது. ஈஸ்ட் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, இன்னொரு பொட்டலம் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பும்போது ‘பிளக்’ என்று ஒரு சத்தம். அன்றிரவு முழுவதும் அந்தச் சத்தம். இரண்டு மணிக்கு எழுந்து டார்ச் அடித்து நிமிடத்துக்கு எத்தனை குமிழி என்று எண்ணுகிறவர்கள் உண்டு. எண்ணி என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியாது. சில ஈஸ்ட் வகைகள் உற்சாகத்தில் நுரையை ஏர்லாக் வழியாகக் கூரைக்கே அனுப்பும். இட்லி மாவு பொங்கி வழிந்ததற்குத் திட்டு வாங்கியவர்கள் இதைப் பார்த்தால் ஆறுதல் அடைவார்கள்.

நான்காம் நாள் குமிழி குறையும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஆசை அப்போதுதான் உச்சத்துக்குப் போகும். மூடியைத் திறந்தால் மேலே கவிந்திருக்கும் கரியமில வாயு கலைந்து காற்று உள்ளே போகும். பிறகு பீரில் நனைந்த அட்டைப்பெட்டியின் ருசி வரும். தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்றால் அதற்குத்தான் ஹைட்ரோமீட்டர். முதல் நாள் 1.048 காட்டியது இரண்டு வாரத்தில் 1.012-க்கு இறங்கியிருந்தால், வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்க, ஆல்கஹால் சுமார் 4.7 சதவீதம். மூன்று நாள் தொடர்ந்து அளவு மாறாமல் நின்றால் நொதித்தல் முடிந்தது என்று பொருள்.

இந்த மூன்று நாளுக்குப் பொறுக்காதவர்களால்தான் பாட்டில் வெடிக்கிறது. நுரை வருவதற்காக 19 லிட்டருக்கு 115 கிராம் அளவில் சர்க்கரையைக் கொதிநீரில் கரைத்துக் கலந்து பாட்டிலில் அடைப்பார்கள். மிச்சமுள்ள ஈஸ்ட் அதைத் தின்று வாயு விடும். மூடியிருப்பதால் வாயு பீரிலேயே தங்கும். முன்பே தின்று முடிக்காத சர்க்கரையும் உள்ளே இருந்தாலோ, நுரை நன்றாக வரட்டும் என்று கைதாராளமாக இரண்டு கரண்டி கூடப் போட்டாலோ, அலமாரிக்குள் நள்ளிரவில் துப்பாக்கி சுடும் சத்தம் கேட்கும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் உடையும். கண்ணாடிச் சில்லு விளையாட்டுக் காரியமில்லை. அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடுவதும், சந்தேகம் இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு குளிர்பெட்டிக்கு மாற்றுவதும் அவசியம். பாட்டில் பழுப்பு நிறமாக இருக்க வேண்டும். பச்சை, வெள்ளைப் பாட்டில்களில் வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து, ஸ்கங்க் என்ற அமெரிக்கப் பிராணி பின்பக்கம் திரும்பி நின்றால் வரும் நாற்றம் பீரிலேயே வரும்.

பாட்டிலில் இன்னும் இரண்டு வாரம். பிறகு நண்பர்களை அழைத்துத் திறக்கலாம். “வித்தியாசமா இருக்கு” என்று அவர்கள் சொன்னால் அதற்கு மேல் துருவக் கூடாது. வெண்ணெய் வாசமும் பச்சை ஆப்பிள் வாசமும் அடித்தால் ஈஸ்ட்டை வேலை முடியவிடாமல் அவசரப்படுத்தியதன் விளைவு. மருந்துக்கட்டு வாசம் பெரும்பாலும் குழாய் நீரின் குளோரின். கணக்குப் பார்ப்பதும் வேண்டாம். வாளி, குழாய், உடைந்த ஹைட்ரோமீட்டர், அதற்குப் பதில் வாங்கியது எல்லாவற்றையும் சேர்த்து 48 பாட்டிலால் வகுத்தால், கடையிலேயே வாங்கியிருக்கலாமே என்று வீட்டில் கேட்பார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான்.

இரண்டாம் வாரத்திலிருந்து நாளொன்றாகத் திறந்து, இன்னும் சரியாக வரவில்லையே என்று குறைபட்டுக்கொண்டே 47 பாட்டில் தீர்ந்துவிடும். அலமாரியின் பின்வரிசையில் மறந்துபோன ஒன்று மூன்று மாதம் கழித்துக் கையில் கிடைக்கும். அதுதான் அந்தத் தொகுதியிலேயே நல்ல பீர்.