இருக்கிற குளிர் போதும்

ரிமோட்டுக்காரர் ஏசியை வாங்குவார், மாட்டுவார், துடைப்பார், சர்வீஸ் பார்ப்பார், அணைப்பார். ஓட விடுவது மட்டும் அவர் வழக்கத்தில் இல்லை. மாதச் சம்பளமோ பென்ஷனோ வரும் தமிழ்நாட்டு வீடுகளில் வீட்டுக்கு ஒருவராகக் காணப்படுகிறார். பங்குனி பிறந்ததும் தென்படத் தொடங்கி, கத்திரியில் உச்சத்தை எட்டி, ஐப்பசி மழையோடு அடங்குகிறார்.

வாங்கும் படலம் மூன்று கோடை நீளும். முதல் கோடையில், “இந்த வருஷம் அவ்வளவா வெயில் இல்ல” என்பார். இரண்டாவதில் தள்ளுபடிக்குக் காத்திருப்பார். மூன்றாவதில், தலைதீபாவளிக்கு வரும்போது புழுங்கினால் மாப்பிள்ளை என்ன நினைப்பார் என்று சித்திரையிலேயே வீட்டில் பேச்சு எழுந்த பிறகு, கடைக்குப் போவார். அங்கே விற்பனைப் பையனுக்குப் பாடம் நடக்கும். டன் என்பது பெட்டியின் எடை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுத்துக்கொள்ளுமோ, அந்த வேகத்தில் அறையின் சூட்டை வெளியே தள்ளும் திறன்தான் ஒரு டன். கணக்காகச் சொன்னால் மணிக்கு 12,000 பி.டி.யு.; சுமார் மூன்றரை கிலோவாட். குளிர் என்றாலே பனிக்கட்டியாக இருந்த காலத்தின் மிச்சம் இந்த அளவு. 1840களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய பனிக்கட்டியைச் சேர்த்து வைத்த ஐஸ் ஹவுஸ்தான் சென்னைக் கடற்கரையின் இன்றைய விவேகானந்தர் இல்லம். இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, ஒன்றரை டன்னை நம் வீட்டுச் சுவர் தாங்குமா என்று கேட்ட மச்சானின் கதையையும் சொல்லிச் சிரிப்பார். பையன் அதற்குள் இன்னொரு வாடிக்கையாளரிடம் போயிருப்பான்.

தேர்வில் ரிமோட்டுக்காரரிடம் குறை காண முடியாது. 120 சதுர அடி வரையிலான அறைக்கு ஒரு டன் போதும், அதைத் தாண்டினால் ஒன்றரை, மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறைக்கு ஒரு படி கூட்டித்தான் வாங்க வேண்டும் என்று அறிவார். கடற்காற்று அடிக்கும் ஊரில் உப்பு சுருளை அரிக்கும் என்பதால் செம்புச் சுருளும் அதன் மேல் பூச்சும் கேட்டு வாங்குவார். பழைய ஆர்-22 வாயு ஓசோனைக் கெடுக்கும், ஆர்-32 அதைக் கெடுக்காது என்பதும் தெரியும். இன்வர்ட்டர் ஏசி என்பது கரண்ட் போனால் ஓடுவதற்கான பேட்டரிப் பெட்டி இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்கியவரும் அவரே. கம்ப்ரஸரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு அது. அறை குளிர்ந்த பிறகு மெதுவாக, நெடுநேரம் ஓடுவதில்தான் அதன் சிக்கனம் இருக்கிறது.

அப்படிப்பட்டதில் ஐந்து நட்சத்திரம் உள்ளதைப் பார்த்துக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவார். அந்த நட்சத்திரங்களைக் கணக்கிடும்போது ஏசி ஆண்டுக்கு 1600 மணி நேரம் ஓடும் என்று வைத்துக்கொள்கிறார்கள். ரிமோட்டுக்காரர் வீட்டில் இரவுக்கு முக்கால் மணி வீதம் நான்கு மாதம் ஓடினால் 90 மணி. லேபிளின் ஓராண்டை அந்த ஏசி ஓடிக் கடக்க ஏறக்குறைய 18 ஆண்டாகும்.

முக்கால் மணி என்பது தோராயம் இல்லை. இரவு பத்துக்கு ஏசி போடப்படும். பத்தேகாலுக்கு ஒரு முறை அறையை விட்டு வெளியே போய், கூடத்தின் புழுக்கத்தில் சற்று நின்று, மறுபடி உள்ளே வருவார். “அப்பாடா, ஊட்டி மாதிரி இருக்கு” என்பார். அறிகுறி இது. பத்தரைக்குச் சுவரில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். கதவின் அடியிடுக்கில் பழைய லுங்கியைச் சுருட்டி அடைப்பார். பத்தே முக்காலுக்குப் பீப் என்று ஒரு சத்தம் கேட்கும். பெட்டியின் வாய் மெதுவாக மூடிக்கொள்ளும். “ஏங்க, இப்பதானே போட்டோம்” என்று இருட்டில் ஒரு குரல் வரும். “இருக்கிற குளிர் போதும். கதவ மட்டும் தொறக்காதீங்க.”

இந்த வாக்கியத்துக்குள் ஒரு கொள்கை இருக்கிறது. குளிர் என்பது பானைத் தண்ணீர் போல, ஊற்றி மூடிவைத்தால் விடியும் வரை இருக்கும் என்பது அது. 120 சதுர அடி அறைக்குள் இருக்கும் காற்று முழுவதையும் எடை போட்டால் 40 கிலோ தேறும். அதற்கு மேலே இருக்கும் ஐந்து அங்குலக் கான்கிரீட் தளமோ மூன்று டன்னுக்கும் அதிகம். பகலெல்லாம் வெயில் குடித்த அந்தத் தளம் நள்ளிரவு தாண்டியும் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். படுத்திருக்கும் ஒவ்வோர் உடம்பும் 60 வாட் குண்டு பல்புக்குக் குறையாமல் சூடு விடும். முக்கால் மணியில் குளிர்ந்தது அந்த 40 கிலோ காற்றும் சுவரின் மேல்தோலும்தான். பதினொன்றேகாலுக்குத் தலையணையைத் திருப்பிப் போடுவார்கள். பதினொன்றரைக்குப் போர்வையை உதறுவார்கள். பன்னிரண்டுக்கு மனைவி எழுந்து ரிமோட்டைத் தேடுவார்.

ரிமோட் கிடைத்துவிட்டாலும் பீப் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். காலிங் பெல்லுக்கு எழாதவர், பக்கத்துத் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி போனாலும் புரளாதவர், இந்த ஒரு பீப்புக்குக் கண் விழிப்பார். சத்தம் ரிமோட்டிலிருந்து வருவதில்லை. சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியிலிருந்து வருகிறது. இதை அறியாமல் ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்து அமுக்கிப் பார்த்த பிள்ளைகள் உண்டு. தலையணையைத் தாண்டி சிக்னலும் போகாது என்பதால் ஏசியும் போடப்படுவதில்லை; அப்பாவும் எழுவதில்லை. எல்லோரும் வேர்த்தபடி படுத்திருப்பார்கள். அப்படியில்லாமல் ஏசி ஓடத் தொடங்கிவிட்டால், பன்னிரண்டேமுக்கால் வரை அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். பிறகு அடுத்த பீப். மூன்றரைக்கு இன்னொரு சுற்று நடக்கும். வீட்டிலேயே குறைவாகத் தூங்கியவர் அவராகத்தான் இருப்பார். ஆனால் அதற்காக அவரை யாரும் பாராட்டியதில்லை.

அந்த ரிமோட்டிலேயே டைமர் இருக்கிறது. இரவு ஏற ஏற வெப்பநிலையைத் தானே கூட்டிக்கொள்ளும் பொத்தானும் இருக்கிறது. இரண்டையும் அவர் நம்புவதில்லை. “மெஷின் மறந்துடுச்சுன்னா?” என்பார். இத்தனைக்கும் வழி எளிது. 2020 ஜனவரி முதல் நாட்டில் விற்கும் அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படிதான் வருகின்றன. அதிலிருந்து ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 27இல் வைத்து, மேலே ஃபேனைச் சுழலவிட்டால், விடியும்வரை ஏசி முனகிக்கொண்டே மெதுவாக ஓடும், எல்லோரும் தூங்குவார்கள். ரிமோட்டுக்காரரும் 27தான் வைக்கிறார். அதில்தான் முக்கால் மணிக்குள் ஊட்டியைக் கண்டுவிடுகிறார்.

அவருடைய பயத்துக்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்காகிறது. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டியதற்கு மட்டும் விலை ஏறினால் பரவாயில்லை. 101 முதல் 200 வரை கிடைத்துவந்த மலிவு விலையும் சேர்ந்தே போய்விடும். ஆக, 501ஆவது யூனிட் ஒன்றுக்கே இருநூறு ரூபாய்க்கு மேல் ஆகிறது. அதனால் தினமும் காலையில் பல் துலக்கிய கையோடு மீட்டர்ப் பெட்டியின் முன் நின்று எண்ணைப் படித்து, காலண்டரில் தேதியின் மேல் எழுதி வைக்கிறார். எமகண்டம், குளிகை, 437. ஐம்பதாவது நாளில் 480 என்று வந்துவிட்டால் அன்று முதல் முக்கால் மணி அரை மணியாகும்.

கணக்கெல்லாம் சரி. ஆனால் அந்த 500 யூனிட்டில் யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்தவர் ஒருவரே. அடுப்படியில் ஃபேன் கிடையாது. இருந்தாலும் போட முடியாது, தீ அலையும். காலை ஐந்தரையிலிருந்து அந்த அனலில் நின்றவருக்கு, அதிலும் ஐம்பது வயதை ஒட்டி உள்ளிருந்தே உடம்பு எரிந்து எரிந்து அடங்கும் ஒருவருக்கு, இரவில் கிடைப்பது முக்கால் மணி. மாப்பிள்ளை வந்த இரவில் அதே ஏசி விடிய விடிய ஓடியது. அன்றைக்கு யாரும் மீட்டரைப் பார்க்கவில்லை. வந்தவருக்குத் தாராளமாகக் கிடைப்பதை வீட்டிலிருப்பவர் கேட்டு வாங்க வேண்டியிருப்பதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

பராமரிப்பு என்று வந்துவிட்டால் ரிமோட்டுக்காரர் வேறு ஆள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஞாயிறு காலை ஸ்டூல் போட்டு ஏறி, ஃபில்டரைக் கழற்றி, குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்தில் கழுவி, நிழலில் காய வைப்பார். ஃபில்டரில் தூசி அடைத்தால் காற்று குறையும், சுருளில் பனி கட்டும், அது உருகிச் சுவரில் வழியும் என்பதை ஒவ்வொரு முறையும் ஸ்டூலின் மேலிருந்தபடி சொல்வார். கத்திரியில் மெக்கானிக் கிடைக்க மாட்டார் என்று பங்குனியிலேயே வரவழைத்து, பம்பு வைத்துத் தண்ணீர் பாய்ச்சிச் செய்யும் சர்வீஸை முடித்துவிடுவார். “கேஸ் குறைஞ்சிருக்கு சார், ஏத்திரலாம்” என்று மெக்கானிக் சொன்னால், பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோக அது எரிபொருளா, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவதல்லவா, குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், முதலில் அதைக் காட்டு என்று நிறுத்திவிடுவார். இது முழுக்கச் சரி. இப்படி அவரால் மெக்கானிக்கிடம் பணத்தை இழக்காமல் தப்பித்த குடும்பங்கள் தெருவில் நாலைந்து இருக்கின்றன. வெளிப்பெட்டியைச் சுற்றி இடம் விட்டு, புறா கூடு கட்டாமல் வலை அடித்து, வடியும் தண்ணீரை வாளியில் பிடித்துத் துளசிக்கும் செம்பருத்திக்கும் ஊற்றுவார். ஊரிலேயே சுத்தமான ஏசி அவருடையதுதான்; அழுக்காக நேரம் கிடைத்திருந்தால்தானே.

மற்ற சாதனங்களிலும் இதே முறைதான். 15 லிட்டர் கீசர் சூடேறக் கால் மணிக்கு மேல் வேண்டும். ரிமோட்டுக்காரர் தருவது ஏழு நிமிடம். அதன் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருப்பது அவருக்கு வசதி. ஏசி வாங்குவதற்கு முந்திய கோடையில் வாங்கிய ஏர் கூலர் ஒன்று பரணில் கிடக்கிறது. நீர் ஆவியாகித் தரும் குளிர் வறண்ட காற்றில்தான் எடுபடும். சென்னைக் காற்று ஏற்கெனவே நனைந்தது. ஜன்னலை மூடிக்கொண்டு அதை ஓட்டியதில் அறை இட்லிப் பானையானது. அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் வெளிப்பெட்டிக்கு அரிசிச் சாக்கைப் போர்த்திக் கயிறு கட்டுவார். உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும் என்று மெக்கானிக் சொல்லியும் கேட்காத விஷயம் இது ஒன்றுதான். ரிமோட்டின் பேட்டரிகளைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டுக்கொள்வார். ஏசி ரிமோட், வாங்கிய அன்று வந்த பிளாஸ்டிக் உறையோடு, வாரன்ட்டி அட்டையுடன் பீரோவுக்குப் போகும். பங்குனியில் அதை எடுத்துப் பார்த்தால் உறை முழுக்கப் புதிது போலிருக்கும். ஒரு பொத்தானின் மேல் மட்டும் தேய்ந்து வெளுத்திருக்கும். போடுவதற்கும் அணைப்பதற்கும் அந்த ஒரே பொத்தான்தான். தேய்மானத்தில் சரிபாதி மனைவியுடையது.