மூன்று மாத மொராக்கோக்காரர்

அட்லஸ் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில், கொளுத்தும் வெயிலில், தலைமூடி வைத்த கம்பளி ஜெல்லாபாவுக்குள் ஒருவர் வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்தால், நிச்சயம் அவர் உள்ளூர்க்காரர் அல்லர். உள்ளூர்க்காரர்கள் பார்சிலோனா பனியன் போட்டுக்கொண்டு தேநீர்க்கடை நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர் புதிதாய் வந்திறங்கிய அமெரிக்கத் தொண்டர்.

அமெரிக்க அதிபர் கென்னடி 1961-இல் தொடங்கிய ‘பீஸ் கோர்’ தொண்டர் அமைப்பு, 1963 முதல் மொராக்கோவுக்கு இப்படி ஆள் அனுப்பிவருகிறது. மொத்தம் 27 மாதச் சேவை. முதல் மூன்று மாதம் பயிற்சி: ஒரு குடும்பத்தோடு தங்கி, டாரிஜா அரபு கற்று, ஊர் வழக்கம் பழக வேண்டும். பிறகு இரண்டு ஆண்டு இளைஞர் மையத்தில் ஆங்கிலம், விளையாட்டு என்று வேலை.

நம்மவர் வரும்போதே விதிகளை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார். இடது கை தட்டில் படக்கூடாது. அரைக்கால் சட்டை ஆகாது. ‘பிஸ்மில்லா’ சொல்லாமல் வாயில் வைக்கக்கூடாது. எல்லாம் சரிதான். ஆனால் அந்த வீட்டில் யார் என்ன செய்தாலும் அது மார்க்கம் என்றே அவருக்குத் தோன்றும். புதினாத் தேநீரை வீட்டுக்காரர் உயரத் தூக்கி ஊற்றினால், பயபக்தியோடு காரணம் கேட்பார். “நுரை வரத்தான், தம்பி” என்று பதில் வரும். குறிப்பேட்டை மூட மனசு வராது.

வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ். ஒரே பெரிய தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்வார்கள். இவர் இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருப்பார். நடுவில் இருக்கும் கறியை வீட்டு அம்மா பிய்த்துப் பிய்த்து இவர் பக்கம் தள்ளுவாள். “ஒன்றுமே சாப்பிடவில்லையே!” வயிற்றைத் தடவிக் காட்டினாலும் விடமாட்டாள். வந்தவர் சைவம் என்றால் வீடே துக்கத்தில் ஆழ்ந்துவிடும். கடைசியில் மேலே இருக்கும் கறியை எடுத்துவிட்டு, “இப்போது வெறும் காய்தான், சாப்பிடு” என்பாள்.

மாலையில் வீட்டுக்காரர் தொலைக்காட்சிமுன் அமர்ந்திருக்க, பாங்கு ஒலிக்கும். பதறுகிறவர் நம்மவர் மட்டுமே. “தொழுகைக்கு நேரமாகிவிட்டதே?”

“நேரம் இருக்கிறது. பெனால்டி முடியட்டும்.”

ரமலானில் யாரும் கேட்காமலே நோன்பு பிடிப்பார். மத்தியானம் தாண்டியதும் பாயில் சுருண்டு கிடப்பார். “உனக்குக் கடமை இல்லையப்பா, சாப்பிடு” என்று அம்மா கெஞ்சினாலும் அசைய மாட்டார். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம், ஹரீரா சூப், தேனில் ஊறிய ஷெபாக்கியா எல்லாவற்றிலும் முதல் கை இவருடையதாக இருக்கும். அது வலது கைதான்.

இத்தனை ஆசாரமும் ஹம்மாம் என்ற பொது நீராவிக் குளியலறையில் கரைந்துவிடும். முழங்காலைக்கூட மறைத்துத் திரிந்தவர், அங்கே உள்ளாடையோடு ஆவியில் அமர்ந்திருப்பார். பக்கத்தில் மளிகைக்கடைக்காரர், எதிரே இவருடைய மாணவர்கள். கருப்புச் சோப்பைப் பூசி, முரட்டுக் கையுறையால் ஒருவர் தேய்க்கும்போது திரிதிரியாய் அழுக்கு வரும். கையேட்டில் இதற்கு ஓர் அத்தியாயமும் இல்லை.

நாகரிகங்களின் உரையாடலுக்கு அவர் தயாராக வந்திருப்பார். ஊர் கேட்பதோ மூன்றே கேள்வி: சம்பளம் எவ்வளவு? கல்யாணம் ஏன் ஆகவில்லை? மெஸ்ஸியா, ரொனால்டோவா? மூன்றாவதற்குப் பதில் சொல்லத் தெரிந்த நாளிலிருந்துதான் இளைஞர் மையத்துக்குப் பையன்கள் வரத் தொடங்குவார்கள்.

ஓராண்டுக்குள் ஜெல்லாபா குளிர்காலத்துக்கென்று பெட்டிக்குள் போய்விடும். அடுத்த குழு வந்திறங்கும்போது, யாருக்கு எந்த வீடு என்று முடிவுசெய்ய அலுவலர்கள் அதே அம்மாவிடம் வருவார்கள். எத்தனையோ தொண்டர்களை வளர்த்து ஆளாக்கியவள் அவள். ஒரே நிபந்தனைதான் போடுவாள்:

“கறி தின்கிற பிள்ளையாகப் பார்த்து அனுப்புங்கள். மார்க்கத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.”