வீடு பார்க்க நல்ல நேரம் மாலை நாலு மணி

குடும்பத்தோடு ஊர் மாறும்போது ஃபிரிட்ஜுக்குக் கிடைக்கிற மரியாதை குழந்தைக்குக் கிடைப்பதில்லை. ஃபிரிட்ஜை அட்டையால் பொதிந்து, கயிறு கட்டி, நிமிர்த்தியே வைத்து லாரியில் ஏற்றுகிறோம். இறக்கிய பிறகும் நாலு மணி நேரம் யாரும் ஸ்விட்சைத் தொடக் கூடாது, கம்ப்ரஸர் ஆயில் அடங்கட்டும் என்று கறாராகச் சொல்கிறோம். குழந்தைக்கு அந்த நாலு மணி நேரம்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாமான் இறக்கினால் திங்கட்கிழமை காலை புது யூனிஃபார்ம். முந்தைய ஊரிலிருந்து அது கொண்டுவருவது ஒரு டி.சி. மட்டும்தான். அதில் இரண்டு அங்க அடையாளங்கள் இருக்கும்: வலது கன்னத்தில் ஒரு மச்சம், இடது முழங்காலில் ஒரு தழும்பு. நடத்தை: நன்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நடத்தைச் சான்று கொடுக்கிற அந்தக் காகிதத்தில், முழங்கால் தழும்பு எந்தத் தெருவில் யாரோடு ஓடும்போது விழுந்தது என்று எழுத மட்டும் இடமில்லை. அந்த 'யாரோடு' என்பதுதான் இப்போது தொலைந்துபோயிருக்கிறது. பெற்றோரோ கேஸ் கனெக்‌ஷனைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சென்னைக்குக் குடிவருகிறவர்கள் பின்பற்றுகிற வழக்கமான வரிசை இது: முதலில் 'நல்ல ஸ்கூல்', பிறகு பட்ஜெட்டுக்குள் வீடு, கடைசியில் இரண்டையும் இணைக்க ஒரு வேன். நல்ல ஸ்கூல் எது என்பதை மே மாதத்து ஃபிளெக்ஸ் போர்டு சொல்லிவிடும். பாஸ்போர்ட் சைஸ் முகங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஐந்நூறுக்கு நானூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சம். அந்த முகங்கள் பத்தாம் வகுப்புக்காரர்களுடையவை, நம் பிள்ளை போவது மூன்றாம் வகுப்புக்கு என்பதை யாரும் யோசிப்பதில்லை. இப்படித்தான் வீடு மேடவாக்கத்திலும் பள்ளி அடையாறிலுமாக அமைகிறது. காலை ஆறே முக்காலுக்கு ஏறுகிற குழந்தை வேன் ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கியபடி நகரத்தின் பாதியைக் கடக்கிறது. மாலையில் அதே ஜன்னல், அதே தூக்கம். அதற்கு வகுப்பில் நாற்பது பேரைத் தெரியும், தெருவில் ஒருவரையும் தெரியாது. நான் சொல்ல வருவது இந்த வரிசையைத் தலைகீழாகப் போடுங்கள் என்பதைத்தான். நடந்து போகிற தூரத்தில், பலதரப்பட்ட வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிற பள்ளி ஒன்று இருக்கிற தெருவாகப் பார்த்து வீடு பிடியுங்கள். ரிசல்ட் போர்டைப் பத்தாம் வகுப்பு வரும்போது படித்துக்கொள்ளலாம்.

இது வெறும் ஏக்கப் பேச்சு இல்லை, கணக்கு இருக்கிறது. 1990களில் அமெரிக்க அரசு ஐந்து பெரிய நகரங்களில் ஏழைக் குடும்பங்களுக்குக் குலுக்கல் போட்டு, வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு என்ன சம்பாதிக்கிறார்கள் என்று ராஜ் செட்டியும் அவரோடு இரண்டு பொருளாதார அறிஞர்களும் வரிக் கணக்குகளை வைத்துப் பார்த்தார்கள். (பெயரைக் கேட்டதும் காரைக்குடிப் பக்கம் தலை திரும்பினால் தப்பில்லை.) 2016இல் வெளியான முடிவு இது: 13 வயதுக்குள் இடம் மாறிய பிள்ளைகள், மாறாதவர்களைவிட இருபதுகளின் நடுவில் சுமார் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். 13க்கு மேல் மாறியவர்களுக்கு லாபம் இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் நஷ்டம். பதின்பருவத்துப் பையன் "நான் வரல, நீங்க போங்க" என்று கதவைச் சாத்திக்கொள்வதற்கு இப்படி ஒரு புள்ளிவிவர ஆதரவு கிடைத்ததில் எனக்கு வருத்தம்தான். ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. அரசு அவர்களுக்கு மாற்றிக்கொடுத்தது பள்ளியை அல்ல, அக்கம்பக்கத்தை.

அக்கம்பக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது என்பதற்கு செட்டி குழுவின் 2022ஆம் ஆண்டு ஆய்வு ஒரு விடை தருகிறது. ஃபேஸ்புக்கில் கோடிக்கணக்கானவர்களின் நட்புகளை எண்ணிப் பார்த்தார்கள். ஏழைப் பிள்ளை பிற்காலத்தில் மேலே வருமா என்பதைச் சொல்வதில், ஏழையும் பணக்காரரும் எந்த அளவு நண்பர்களாகப் பழகுகிறார்கள் என்பது மிக வலுவான அளவுகோல்களில் ஒன்றாக இருந்தது. இதில் ஒரு சிக்கலையும் கண்டார்கள். ஒரே இடத்தில் சேர்த்து வைப்பது பாதி வேலைதான். சேர்த்து வைத்த பிறகும் தன்னைப் போன்றவரையே தேடிப் பழகுகிற குணம் மீதிப் பாதியைக் கெடுக்கிறது. பெரிய பள்ளிகளில் இந்தக் குணம் கூடுகிறது, சிறிய பள்ளிகளில் குறைகிறது. மூவாயிரம் பிள்ளைகளும் நீச்சல் குளமும் என்று விளம்பரம் செய்கிற பள்ளிகள் இதைச் சுவரில் எழுதப்போவதில்லை.

தன்னைப் போன்றவரையே தேடுகிற இந்தக் குணத்தைக் கண்டுபிடிக்க நமக்கு ஃபேஸ்புக் தேவையில்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போனாலே போதும். வாசலில் 'வெஜிடேரியன் ஒன்லி' போர்டு இருந்தால் வேலை சுலபம், திரும்பி வந்துவிடலாம். போர்டு இல்லாத வீட்டில்தான் நுணுக்கம் அதிகம். "சொந்த ஊர் எது?" என்று தொடங்கும். "மதுரையா? சரி சரி, மதுரையில எந்தப் பக்கம்?" என்று நகரும். "அப்பா என்ன பண்றார்?" "குலதெய்வம் எங்க?" என்று வளைந்து வளைந்து போய், கேட்க நினைத்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டு முடிக்கும். எல்லாம் சரியாக இருந்தால், "நம்ம ஆளுங்கதான், நல்ல அமைதியான ஏரியா" என்பார் வீட்டுக்காரர். பெரியவர்கள் இதை வரவேற்பு என்று எடுத்துக்கொள்கிறோம். இந்த வடிகட்டலில் தேறி உள்ளே வருகிற குழந்தைக்குக் கிடைப்பது, தன்னைப் போலவே வடிகட்டப்பட்ட இன்னும் நாலு குழந்தைகள். உங்களை இவ்வளவு சந்தோஷமாக ஏற்றுக்கொண்ட தெரு யாரை அனுப்பிவிட்டு உங்களுக்கு இடம் வைத்திருந்தது என்று ஒரு நிமிஷம் யோசிப்பது நல்லது.

"செட்டி சொல்வதெல்லாம் ஏழைப் பிள்ளைக்கு லாபம். கலந்து படித்தால் எங்கள் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?" என்று வசதியுள்ளவர்கள் கேட்கலாம். கேட்கக் கூச்சப்படுவார்கள், ஆனால் ஸ்கூல் ஃபீஸ் கட்டும்போது மனதுக்குள் ஓடுகிற கேள்வி இதுதான். இதற்கு உள்ளூர் விடையே உண்டு. தில்லியின் உயர்தரத் தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கியாக வேண்டும் என்று ஆனபோது, கூடப் படித்த பணக்காரப் பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்று கௌதம் ராவ் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்தார். ரிலே ஓட்டம் வைத்தார், பரிசுப் பணமும் வைத்தார், கூட ஓடுகிறவரை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றார். கலந்து படித்த பிள்ளைகள் உடன் ஓடுகிறவரின் வசதியைப் பார்த்து ஒதுக்குவது குறைந்திருந்தது, தாராள குணமும் கூடியிருந்தது. கணக்கு மதிப்பெண் குறையவில்லை, இந்தி குறையவில்லை, ஆங்கிலம் மட்டும் கொஞ்சம் குறைந்தது. அந்தக் கொஞ்சம் ஆங்கிலத்துக்காகத்தான் நாம் நகரத்தின் பாதியை வேனில் கடக்கிறோம் என்றால், விலை அதிகம் என்பது என் கட்சி.

இடையில் சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்க்கலாம், சிரிப்புக்கு ஆகும். 2009இல் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, பள்ளியில் சேர்க்கக் குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டித் தேர்வு செய்யக் கூடாது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000. ஆகவே இப்போது எந்தப் பள்ளியிலும் இன்டர்வியூ கிடையாது, 'இன்டராக்‌ஷன்' மட்டும்தான். அப்பா டை கட்டிக்கொண்டு போகிறார், அம்மா எல்லா நிறங்களின் பெயரையும் ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறார், குழந்தை மேஜை மேல் இருக்கிற பேப்பர் வெயிட்டைப் பார்க்கிறது. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு, அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறி வருகிற பிள்ளையை டி.சி. வரத் தாமதம் என்று காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. ஆகஸ்டு மாதம் நடுவில் மாற்றல் உத்தரவு வந்து, எல்லா நல்ல ஸ்கூலும் "சீட் முடிஞ்சிருச்சு சார்" என்று கைவிரிக்கும்போது, கதவைத் திறந்தே ஆக வேண்டிய பள்ளி தெருக்கோடியில்தான் இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இன்று பரவியிருப்பதால், தொடக்க வகுப்புக் குழந்தையாக இருந்தால் காலைச் சாப்பாடும் போட்டு உட்கார வைப்பார்கள். வரவேற்பு என்று வேறு எதைச் சொல்வது?

"ஊர் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஒரே பாடத்திட்டம் முக்கியம், அதனால்தான் சி.பி.எஸ்.இ." என்பது அடுத்த வாதம். நியாயம் உண்டு. மத்திய அரசு தன் ஊழியர்களின் பிள்ளைகளுக்காக 1963இல் கேந்திரிய வித்யாலயாக்களைத் தொடங்கியதே இதற்குத்தான். மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்கள் அப்படியே செய்யட்டும். ஆனால் திருச்சியிலிருந்து தாம்பரத்துக்கு வருகிறவரும் இதையே சொல்வதுதான் புரியவில்லை. 2011இல் சமச்சீர் கல்வி வந்த பிறகு மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் பாடநூல் எங்கும் ஒன்றுதான், பக்க எண் உட்பட. திருச்சியில் வெள்ளிக்கிழமை 42ஆம் பக்கத்தில் விட்டதைத் தாம்பரத்தில் திங்கட்கிழமை 43இல் தொடரலாம். பக்கத்து பெஞ்சில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பதைத்தான் எந்த வாரியமும் அச்சடித்துத் தருவதில்லை.

பக்கத்துப் பள்ளி உண்மையிலேயே மோசமாக இருந்தால்? இருக்கலாம், இருக்கிறது. கழிப்பறையில் தண்ணீர் வராத பள்ளி வீட்டு வாசலிலேயே இருந்தாலும் வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை வைத்துக்கொண்டு இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லவும் மாட்டேன், செட்டியின் கணக்கே அதற்கு எதிராக இருக்கிறது. வாடகை கட்டுபடியாகாமல் ஊருக்கு வெளியே தள்ளப்படுகிறவர்களுக்குத் தேர்வு என்று ஒன்று இல்லவே இல்லை, அவர்களிடம் இந்தக் கட்டுரையை நீட்டுவது அநியாயம். மற்றவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். வீட்டு புரோக்கர் எப்போதும் காலை பதினொரு மணிக்குத்தான் ஏரியாவைக் காட்டுவார். அப்போது எல்லாத் தெருவும் அமைதியான தெருதான். நீங்கள் மாலை நாலு மணிக்குத் தனியாகப் போய்ப் பக்கத்துப் பள்ளி கேட்டில் நில்லுங்கள். மாங்காய்ப் பத்தையில் மிளகாய்த்தூள் தூவி விற்கிறவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பிள்ளைகளைத் தெரிந்து வைத்திருக்கிறாரா? மணி அடித்ததும் பிள்ளைகள் வேன்களுக்குள் மறைகிறார்களா, நாலைந்து பேராகக் கூடி நடந்து போகிறார்களா? ஒரு பாட்டி தோளுக்கு ஒன்றாக இரண்டு புத்தகப் பைகளை மாட்டிக்கொண்டு வருவாள், முன்னால் இரண்டு பிள்ளைகள் ஓடும். ஒன்று பேரன். இன்னொன்று யாருடைய பிள்ளை என்று பாட்டியிடம் கேட்டுவிட்டு, பிறகு வீட்டுக்காரரிடம் போய் அட்வான்ஸ் பேசலாம்.